ரெம்பெல் பையனின் முட்டி

டெல்பர்ட் வசிலிக் பொய் சொல்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவர் என்று அவர் மனைவி மார்லிஸ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது கொஞ்சம் அநியாயம். சம்பளம் ஆள் பார்ப்பதற்கு. பொய் அதோடு இலவசமாகப் போய்க்கொண்டிருந்தது.

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் தெரு விளக்கு இல்லாத ஊர் உண்டு, ஐஸ் ஹாக்கி ரிங்க் இல்லாத ஊர் கிடையாது. குளிர்காலம் முழுக்க அங்கே பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள் ஆடுவார்கள். கிழக்குக் கடற்கரையில் உள்ள ஒரு பெரிய கிளப்புக்காக டெல்பர்ட் ஊர் ஊராகப் போய், எவன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஜூன் மாதம் டிராஃப்ட். எல்லாக் கிளப்காரர்களும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து, முறை வைத்துப் பையன்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் நாள். நாம் ஆசைப்பட்டவனை முன்னால் இருப்பவர் எடுத்துவிட்டால் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஆள் பார்ப்பவர்கள் எல்லாரும் எந்த ரிங்கிலும் ஒரே மூலையில்தான் நிற்பார்கள். மேலே ஹீட்டர், பக்கத்தில் காபிக் கடை. கையில் சூரியகாந்தி விதைப் பொட்டலம். தோலைக் காகிதக் குவளையில் துப்பிக்கொண்டே ஒருவரையொருவர் வேவு பார்ப்பார்கள். தனக்குப் பிடித்த பையன் களத்தில் இறங்கினால் கூரையைப் பார்ப்பது ஒரு வழி. கழிவறைக்குப் போவது இன்னொரு வழி. வேண்டாத பையனைப் பார்த்து "அடடா!" என்று தலையாட்டிக் குறிப்பு எழுதுவது பெரிய கைகாரர்களின் வழி. டெல்பர்ட் மூன்றிலும் கெட்டிக்காரர்.

அவருடைய பரம எதிரி ரெஜ் ஹால்டர்சன். இன்னொரு கிளப்புக்கு ஆள் பார்ப்பவர். அந்தக் கிளப் இருந்த நகரம் இந்த ஊர்களிலிருந்து காரில் போகிற தூரம்தான். இருவரும் குளிர்காலம் முழுக்க ஒரே காரில்தான் சுற்றுவார்கள். பனியில் சறுக்கிக் கார் பள்ளத்தில் இறங்கினால் தள்ள ஆள் வேண்டுமே. காருக்குள் மீன்பிடித்தல், மருமகள், மூலம் என்று ஒளிவு மறைவில்லாத பேச்சு. பையன்களைப் பற்றி வாயைத் திறந்தால் மட்டும் இருவரும் கூசாமல் புளுகுவார்கள்.

அந்த வருஷம் டெல்பர்ட்டுக்கு ஒரு கவலை இருந்தது. கோடையோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. இத்தனை காலத்தில் அவர் பரிந்துரைத்த ஒரு பையனைக்கூடக் கிளப் எடுத்ததில்லை. அவர் ஒருவனைச் சொல்வார், அவர்கள் வேறொருவனை எடுப்பார்கள். ஒரே ஒரு பையனைக் காட்டி, "இவன் நான் பார்த்து எடுத்தவன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

டிசம்பரில், பிட்டர்ன் க்ரீக் என்ற ஊரில் அந்தப் பையன் கிடைத்தான். ஜோயல் ரெம்பெல், விவசாயி மகன், தடுப்பாட்டக்காரன். அவன் களத்தில் இருக்கும்போது எதுவுமே நடக்காது. கோல் விழாது, சண்டை வராது, கூட்டம் எழுந்து நிற்காது. பந்துக்குப் பதிலாக அங்கே ஆடும் ரப்பர் வட்டு மூலைக்குப் போனால், அதைத் துரத்திப் போகும்போதே இந்தத் தோளுக்கு மேல் ஒரு பார்வை, அந்தத் தோளுக்கு மேல் ஒரு பார்வை. எதிரி எங்கே வருகிறான், தன் ஆள் எங்கே நிற்கிறான் என்று அதற்குள் தெரிந்துகொண்டுவிடுவான். வட்டைத் தொட்ட மறு நொடி அது தன் ஆள் மட்டையில் இருக்கும். பார்ப்பவர்களுக்கு அது ஒரு விஷயமாகவே படாது. டெல்பர்ட்டுக்குப் புல்லரித்தது. உடனே எழுந்து காபி வாங்கப் போய்விட்டார்.

ஜனவரியில் ரெஜ் மெல்லக் கொக்கி போட்டார். "டேய் டெல்பர்ட், அந்த ரெம்பெல் பையன் எப்படி?"

"யாரு, அந்த நெட்டையனா? முட்டி போச்சுடா அவனுக்கு."

"நல்லாத்தானே ஓடுறான்?"

"ஓடுவான். சட்டுன்னு வளைஞ்சு திரும்பச் சொல்லு அவனை, பாப்போம்." ரெஜ் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. டெல்பர்ட் இன்னொரு சுருதி ஏற்றினார். "அது மட்டும் இல்ல. வீட்டு ஏக்கம். ராத்திரியானா அம்மாவுக்குப் போன் போட்டு ஓன்னு அழுவானாம். ஆட்டத்துக்காக அவன் வந்து தங்கியிருக்கிற வீட்டம்மாவே சொல்லிச்சு."

எந்த வீட்டம்மாவும் சொல்லவில்லை. அது டெல்பர்ட்டின் சொந்தச் சரக்கு. அவர் பதினேழு வயதில் வடக்கே ஒரு அணிக்கு ஆடப் போனவர். ராத்திரி ராத்திரி போனைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் அழுதார். ஒரு நாள் மட்டையையும் போட்டுவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். பொய்க்கு அலைய வேண்டாமே என்று அந்தக் கதையைத் தூக்கிப் பையன் தலையில் கட்டிவிட்டார்.

பொய் நன்றாக வேலை செய்தது. ஏப்ரலில் கிளப் அலுவலகத்தில் கூட்டம். டெல்பர்ட்டைவிடப் பாதி வயதுள்ள மேலாளர் ஒவ்வொரு பையனாக எடுத்துப் பேசிக்கொண்டு வந்தார். ரெம்பெல் பெயர் வந்ததும், "இவன் வேண்டாம்" என்று ஒரே அடியாக அடித்தார். "முட்டி போச்சாம், முதுகும் சரியில்லையாம். ராத்திரியானா அழறானாம்."

டெல்பர்ட் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "யார் சொன்னது?"

"மூணு கிளப்ல சொல்றாங்க. தனித்தனியா விசாரிச்சோம்."

"பாஸ், அது பொய். நான்தான் கிளப்பி விட்டேன். முதுகு மட்டும் யார் சேர்த்தாங்கன்னு தெரியல."

அறையில் சிரிப்பு வெடித்தது. மேலாளர் சிரிக்கவில்லை. "அப்போ நீங்க ஊருக்கெல்லாம் பொய் சொல்றீங்க. எங்ககிட்ட மட்டும் நிஜம் சொல்றீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

டெல்பர்ட் திருதிருவென்று முழித்தார். கேள்வி நியாயமானது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதில் அவரை மிஞ்ச அந்த மாகாணத்தில் ஆள் இல்லை.

ஜூனில் டிராஃப்ட் மண்டபத்தில் அவர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பெயர் வாசிக்கும்போதும், இப்போது ரெம்பெல் போய்விடுவான், எவனோ கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. போகவில்லை. சுற்றுக்கு மேல் சுற்று முடிந்தது. நடக்கவே தெரியாதவனை எல்லாம் எடுத்தார்கள். ரெம்பெல்லை யாரும் எடுக்கவில்லை. பணியாளர்கள் கம்பளத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்கள்.

நடைபாதையில் ரெஜ் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நீ ஏன்டா ரெம்பெல்லை எடுக்கல?" என்றார் ரெஜ்.

"நீ ஏன் எடுக்கல?"

"எங்க பாஸ் காதுல யாரோ முட்டி, முதுகுன்னு ஓதிட்டாங்க."

"முதுகு யார் சொன்னது?"

ரெஜ் தரையைப் பார்த்தார். "நான்தான். எனக்கும் அவன் மேல ஒரு கண்ணு. முட்டி மட்டும் போதாதுன்னு தோணிச்சு."

இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒன்று உறைத்தது. யாரும் எடுக்காத பையனை எந்தக் கிளப்பும் கோடை முகாமுக்குக் கூப்பிடலாம். முகாமில் பிடித்துப்போனால் வைத்துக்கொள்ளலாம். எங்கே போவது என்று முடிவு செய்ய வேண்டியவன் பையன். இருவரும் தங்கள் மேலாளர்களிடம் ஓடினார்கள். "முகாம்தானே, வந்து ஆடிட்டுப் போகட்டும்" என்று இரண்டு மேலாளர்களும் கையசைத்தார்கள். பையன் வீட்டுக்குப் போக மறுபடி இருவரும் ஒரே காரில் ஏறினார்கள். ஒருவரை முன்னால் போகவிட மற்றவருக்கு மனசில்லை.

ஆக்னெஸ் ரெம்பெல், பையனின் அம்மா, கதவைத் திறந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி இருவரும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை மேஜைக்கு முன் உட்கார்ந்தார்கள். ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக் வந்தது, காபி வந்தது. பையன் எதிரே உட்கார்ந்து மேஜை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஆக்னெஸ் உட்காரவில்லை.

"சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டே பதில் சொல்லலாம். என் பையனுக்கு முதுகு போச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு. கிளப்பி விட்டது யாரு?"

ரெஜ்ஜுக்குக் கேக் தொண்டையில் நின்றது. "நான்தாம்மா."

"முட்டி?"

"நானு" என்றார் டெல்பர்ட்.

"ராத்திரியில அழறான்னு சொன்னது?"

"அதுவும் நான்தான்."

பையனின் காது இரண்டும் சிவந்துபோயின. ஆக்னெஸின் குரல் இறங்கியது. "அது எப்படி உங்களுக்குத் தெரிஞ்சுது? அவன் என்கிட்ட மட்டும்தானே அழுதான்?"

டெல்பர்ட் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தார். பக்கத்தில் ரெஜ், 'அடப்பாவி, உண்மையையா சொன்னே' என்பதுபோல் மரியாதையாகப் பார்த்தார். இத்தனை வருஷ அனுபவம், பார்த்தாலே தெரிந்துவிடும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீடே அவர் காலடியில் விழும். வாய் வரைக்கும் வந்தது. பையன் முகத்தைப் பார்த்தார். இந்தப் பிள்ளையின் அழுகையை ரிங்க் ரிங்காகக் கொண்டுபோய் விற்றிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். "அது என் கதை. நான் இவன் வயசுல அழுதேன். அழுது அழுது பஸ் ஏறி வீட்டுக்கே வந்துட்டேன். ஊர்ல தோள்பட்டை போச்சுன்னு சொன்னேன். இன்னிக்கும் மழை வந்தா என் பொண்டாட்டி தோள்ல தைலம் தேய்க்கிறா. நல்ல தோள்."

பையன் பக்கென்று சிரித்துவிட்டான். சிரித்த பிறகு முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "வந்ததுக்கு வருத்தப்பட்டீங்களா சார்?"

"முதல் வாரம் சொர்க்கம். எங்கம்மா மூணு வேளையும் கொழுக்கட்டை மாதிரி பெரோகி செஞ்சு போட்டா. அடுத்த வாரம் அப்பா மாட்டுக் கொட்டகையைக் கூட்டச் சொன்னார். அன்னிலேர்ந்து ஒவ்வொரு குளிர்காலமும் வருத்தப்படறேன்."

"அப்போ நீங்களே சொல்லுங்க. நான் யாரோட போகட்டும்?"

ரெஜ் கண்ணை மூடிக்கொண்டார். விளையாட்டு முடிந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

டெல்பர்ட் கொஞ்ச நேரம் காபியைக் கலக்கினார். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது. "ரெஜ்ஜோட போ" என்றார். "எங்க கிளப் இருக்கிற ஊருக்கு ரெண்டு விமானம் மாறணும். இவன் கிளப் ஊர்லேர்ந்து காலையில கிளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்க வந்துடலாம். ஞாயித்துக்கிழமை இந்த மேஜையில உக்காந்து சாப்பிட முடிஞ்சா நீ அங்க நிலைச்சுடுவே. முடியலேன்னா என்னை மாதிரி ஆயிடுவே. மத்தவன் ஆடறதைப் பாத்துட்டு, விதை மென்னு துப்பிட்டு இருப்பே."

ஆக்னெஸ் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் ரெஜ் ஓட்டிக்கொண்டே டெல்பர்ட்டை ஓரக்கண்ணால் பார்த்தார். கடைசியில் பொறுக்க முடியவில்லை.

"நிஜத்தைச் சொல்லுடா. அவனுக்கு என்ன கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்ல."

"நிஜமாவே முட்டியா?"

"நல்ல முட்டிடா. என் ஆயுசுல நான் பார்த்ததுலயே நல்ல ஆட்டக்காரன் அவன்தான்."

ரெஜ் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். "போச்சு, ரெண்டு முட்டியுமா?"

மறு வாரமே ரெஜ் பையனைக் கூட்டிக்கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தார். முட்டி, முதுகு, இடுப்பு, எதையும் விடவில்லை. டாக்டர் இவரை ஒரு மாதிரி பார்த்தாராம். அன்று சாயங்காலம் டெல்பர்ட் வீட்டுப் போன் அடித்தது.

"டேய்" என்றார் ரெஜ். "ஒண்ணுமே இல்லைங்கறாங்க."

"அதைத்தானே நானும் சொன்னேன்."

ரெஜ் எக்ஸ்ரே உறையைப் புரட்டுவது போனில் கேட்டது. பிறகு, "நிஜமாவே எனக்குக் குடுத்துட்டியாடா?"

"ஆமாண்டா" என்றார் டெல்பர்ட். போனை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனார். தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி போனை எடுத்தார். ரெஜ் இன்னும் வைக்காமல் இருந்தார். "ஞாயித்துக்கிழமை தவறாம அவனை வீட்டுக்கு அனுப்பு. ஆட்டம் இருந்தாலும் சரி, நீயே ஓட்டிட்டுப் போய் விடு."