மாமா சொன்ன இங்கிலீஷ் வார்த்தை

டைபாய்டு காய்ச்சலோடு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனபோது என் அக்காவின் பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கியது. திரும்பி வந்தபோது தலை மொட்டை. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் களமருதூரே அவளைப் பார்க்க வந்தது. சாத்துக்குடி, ஆப்பிள், பன்ரொட்டி எல்லாம் அவளுக்கு. எனக்குப் பழத்தோல்கூடக் கிடைக்கவில்லை.

அம்மாவின் தம்பி திருக்கோவிலூர் தாலுகா ஆபீசில் வேலை பார்த்தார். இங்கிலீஷ் கலக்காமல் தும்மக்கூடத் தெரியாதவர். செய்தி கேட்டு பஸ் பிடித்து வந்தார். வாசலிலேயே நின்று அக்காவைப் பார்த்தவர், "அன்ரெகக்னைசபிள்!" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடையாளமே தெரியாமல் மாறிப்போனதைச் சொல்லும் வார்த்தை அது என்று எனக்கு அப்போது தெரியாது. வயிறு எரிந்தது. வகுப்பில் முதலாவதாக வந்தபோது மாமா எனக்குச் சொன்னது வெறும் 'குட்'. இவளுக்கோ, சும்மா படுத்துக்கிடந்ததற்கு, வாய்கொள்ளாத அவ்வளவு நீள வார்த்தை!

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். என் இரண்டு சடைகளையும் வெட்டினேன். கன்னத்தை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு மாமா முன்னால் போய் நின்றேன்.

"நானும் அன்ரெகக்னைசபிளா மாமா?"

மாமா விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "நீயா? எலி கடிச்ச தொடப்பம் மாதிரி கீற. திருவிழாக் கும்பல்ல நின்னாலும் உன்ன கண்டுபுடிச்சிடுவேன், போ."

"இன்னாடி பண்ணிக்கினு வந்து நிக்கிற!" என்று அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். நான் அழுதது அடிக்காக அல்ல, அந்த வார்த்தை எனக்குக் கிடைக்காததற்காக.

அக்கா கை நீட்டிக் கூப்பிட்டாள். பத்தாவது படித்தவள், என் இங்கிலீஷ் பாடத்துக்கு அர்த்தம் சொல்லித் தருபவளே அவள்தான்.

"அதுக்கு இன்னா அர்த்தம்னு நெனச்சிக்கினு முடிய வெட்டின?"

சொல்ல மனசே இல்லை. "நீ ரொம்ப அழகாய்ட்டன்னு."

அக்கா என்னையே பார்த்தாள். தடவுவதற்கு முடியில்லாத என் கழுத்தைத் தடவினாள்.

"எங்க, இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். மறுபடியும் கேட்டாள். எல்லா அர்த்தமும் தெரிந்தவள், பெருமையடித்துக்கொள்ளத்தான் கேட்கிறாள் என்று அவள் கையை உதறிவிட்டு ஓடினேன்.