கருப்பட்டியின் பால்பல்

நாய்க்குட்டியின் வாய்க்கு ஒரு வாசம் உண்டு. பாலும் ஈரமண்ணும் கலந்த மாதிரி இருக்கும். பல் விழத் தொடங்கும் நாட்களில் லேசான இரும்பு வாடையும் அதோடு சேர்ந்துகொள்ளும். இதை எங்கும் படித்துச் சொல்லவில்லை. ஒன்பது வயதில், சிலமலையில் எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, கருப்பட்டியின் வாயைத் தினமும் திறந்து, மூக்கை உள்ளே நுழைக்காத குறையாகப் பார்த்துத் தெரிந்துகொண்டது. எதையும் திறந்து பார்க்கிற புத்தி எனக்கு அப்போதே உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைத் திறந்துவிட்டு, அது ஏன் நின்றது என்று கேட்டு அடி வாங்கியவள் நான்.

அப்பா திருப்பூரில் வேலையாக இருந்தார். அம்மா விடியுமுன் ஜீப்பு ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் ஒரு ஏலத்தோட்டத்துக்குக் காய் பறிக்கப் போய், பொழுது சாய்ந்து இருட்டுகிற நேரத்தில்தான் திரும்புவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டுவிட்டு, ஜீப்புச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி உட்கார்ந்திருப்பது என் வேலை. அப்படி ஒரு நாள் வந்து இறங்கிய அம்மாவின் சாப்பாட்டுப் பைக்குள், பச்சை ஏலக்காய் மணத்தோடு பழுப்பு நிறத்தில் ஒரு குட்டி சுருண்டு கிடந்தது.

கொடுத்தவர் தோட்டத்துக் கங்காணி. ஏலக்காயைக் காயவைத்து மூட்டை போடும் "ஸ்டோருக்கு" ஒரு காவல் நாய் தேவைப்பட்டது. சின்னக் குட்டியை அங்கே விட்டால் சிறுத்தை தூக்கிவிடும் என்பதால், நன்றாகக் குலைக்கிற பருவம் வரை வளர்த்து மேலே கொண்டுவந்து விடும்படி அம்மாவிடம் சொல்லியிருந்தார். நாளைக்கு யாருக்கு வேலை என்று சொல்கிறவர் அவர்தான். அம்மாவால் தட்ட முடியாது. "இது நம்ம நாயி இல்ல ஆத்தா, ரொம்பப் பாசம் வச்சுராத" என்று அவள் என்னிடம் சொல்லி முடிப்பதற்குள் நான் கருப்பட்டி என்று பெயர் வைத்துவிட்டேன்.

நாலு மாதமானபோது அதற்குப் பல் விழ ஆரம்பித்தது. அது படுக்கும் சாக்கில் அரிசி மாதிரி ஒரு முன்பல் கிடைத்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் பல் விழுந்துகொண்டிருந்த காலம் அது. விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து ஓட்டுமேல் எறிவது எங்கள் பக்கத்து வழக்கம். என் பல்லையும் அதன் பல்லையும் ஒரே உருண்டையில் வைத்து எறிந்தேன். முளைக்கும்போது மாறி முளைத்துவிடுமோ என்று ஒரு வாரம் நாக்கால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் அம்மா அதைக் கங்காணியிடம் காட்ட ஒரு நாள் மேலே கூட்டிப்போனாள். கால்விரல் இடுக்கெல்லாம் அட்டை கடித்த தடத்தோடு திரும்பி வந்தது. இரண்டு நாளில் தரையில் ரத்தச் சொட்டு. வாயில் எச்சில் வடிந்தது. சோற்றைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கியது. முன்னங்காலால் மூஞ்சியைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. ஜீப்பில் வரும் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு ஒரே குரலில் சொன்னார்கள்: "மூக்குக்குள்ள அட்டை ஏறிருச்சு." மலையில் வேலை செய்கிறவர்களுக்கு ரத்தத்தைக் கண்டால் முதலில் அட்டைதான் ஞாபகம் வரும். வைத்தியமும் அவர்களே சொன்னார்கள். மூக்கில் உப்புத் தண்ணீர் விட வேண்டும். அரை நாள் தாகத்தில் போட்டு, பிறகு ஒரு சட்டித் தண்ணீரை மூக்கருகே பிடித்தால் அட்டை தண்ணீரைத் தேடி வெளியே வருமாம். அந்தச் சட்டியைப் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தேன். அட்டை வரவில்லை.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் டார்ச்சை எடுத்து வாய்க்குள் அடித்தேன். கீழ்த்தாடையில் இடதுபக்கம் கோரைப்பல் இரண்டாக நின்றது. ஊசி போன்ற பழைய பால்பல் விழாமல் அதன் இடத்திலேயே இருக்க, புதுப்பல் இடமில்லாமல் உள்பக்கமாக முளைத்திருந்தது. வாயை மூடும்போதெல்லாம் புதுப்பல்லின் முனை மேல் அண்ணத்தில் குத்தியது. குத்திய இடத்தில் சின்னதாக ஒரு குழி, ரத்தம் அங்கிருந்துதான். கண்டுபிடித்த சந்தோஷத்தில் தெருவுக்கே ஓடிச் சொல்ல எழுந்தவள், வாசலில் அப்படியே நின்றுவிட்டேன்.

முந்தின நாள்தான் கங்காணி சொல்லி அனுப்பியிருந்தார், "சீக்கு நாய மேல ஏத்தாத, சொகமானதும் கொண்டா" என்று. சுகமாகாத வரைக்கும் கருப்பட்டி என்னிடம் இருக்கும்.

சொல்லவில்லை. எட்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதற்குப் பரிகாரம் மாதிரி, சோற்றைக் குழையப் பிசைந்து பாலில் கரைத்து, வலப்பக்கமாக விரலால் ஊட்டினேன். அம்மா மூன்று நாள் உப்புத் தண்ணீர் விட்டாள், பிறகு நிறுத்திவிட்டாள். அலுத்துப்போய்விட்டாள் போலும் என்று நினைத்துக்கொண்டேன். டார்ச்சு அடித்துப் பார்ப்பதை மட்டும் நான் விடவில்லை. குழி நாளுக்கு நாள் ஆழமாவதைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

எட்டாம் நாள் அது தண்ணீர் குடிக்கப் போய், நாக்கை நீட்டி, இழுத்துக்கொண்டு, நேராக என்னிடம் வந்தது. தினமும் திறந்து பார்த்த பழக்கத்தில் மூஞ்சியை என் உள்ளங்கையில் வைத்து, தானாகவே வாயைத் திறந்தது. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அம்மா ஜீப்பை விட்டு இறங்கியதும், "அட்டை இல்லம்மா, பல்லு" என்று சொல்லி அழுதேன். எப்படித் தெரியும், எப்போது தெரியும் என்று அவள் ஒன்றுமே கேட்கவில்லை. காலையில் ஜீப்பு வந்து ஆரன் அடித்தபோது, "நீங்க போங்க, எனக்கு வேற சோலி இருக்கு" என்று அனுப்பிவிட்டாள்.

போடியில் மாட்டாஸ்பத்திரிக்குப் பஸ்சில் போனோம். டாக்டர் ஊசி போட்டுத் தூங்கவைத்து, பால்பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து எடுத்தார். வெளியே தெரிந்ததைவிட வேர் இரண்டு மடங்கு நீளமாக, வளைந்து இருந்தது. இத்தனை சின்ன வாய்க்குள் அது எங்கே இருந்தது என்று கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டுப் பல்லை என்னிடமே கொடுத்தார். உள்ளே சாய்ந்த புதுப்பல்லைத் தினமும் இரண்டு வேளை கட்டைவிரலால் மெதுவாக வெளிப்பக்கம் தள்ளிக்கொடுக்க வேண்டும், கடிக்க ஒரு ரப்பர் பந்து கொடுக்க வேண்டும், ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்.

அந்த ஒரு மாதம் நான் ஒரு வேளைகூடத் தவறவில்லை. பல் நகர்ந்தது. அது நகர நகர நாயும் என்னைவிட்டு நகர்கிறது என்று தெரிந்தேதான் தள்ளினேன். குழி ஆறிய வாரத்தில் கருப்பட்டி ஜீப்பு ஏறிப் போனது. முழுப்பரீட்சை லீவில் மேலே போனபோது, யாரையும் அண்டவிடாமல் குலைக்கிற அந்த நாய், என்னிடம் வந்து மூஞ்சியைக் கையில் வைத்து வாயைத் திறந்தது.

கருப்பட்டி செத்து வெகுகாலம் ஆகிறது. ஸ்டோர் வாசலில் இப்போது கேமரா மாட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு ஓட்டைப் பிரித்து மாடி கட்டியபோது, ஒவ்வொரு ஓடாகப் புரட்டிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து நான் எறிந்த அந்த வளைந்த பல் கிடைக்கவில்லை.

போன மாதம் அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அன்று மத்தியானம் அவளுக்கு ரசம் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தவள், "அதுக்கும் இப்படித்தான குழையப் பெசஞ்சு வச்ச" என்றாள். என் கை நின்றுவிட்டது.

"நீ வலப்பக்கமாவே ஊட்டுறதப் பாத்துட்டு, நீ தூங்குனப்பொறம் நானும் அது வாயத் தெறந்து பாத்தேன். அப்பறந்தான் உப்புத் தண்ணிய நிறுத்துனேன்."

"தெரிஞ்சும் ஏம்மா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல?"

அவள் பஞ்சு வைத்த கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "நான் வர இருட்டிரும். அதுவரைக்கும் உனக்கு யாரு இருந்தா? ரெண்டு நாளு பொறுப்போம்னுதான் நெனச்சேன். அது அஞ்சாறு நாளாப் போச்சு."

நான் சோற்றை இன்னும் கொஞ்சம் பிசைந்து, பல் பிடுங்காத பக்கமாக அவளுக்கு ஊட்டினேன்.