கரம்பை வெட்டிய கண்மாய்

1971, மே மாதம், ஒரு ஞாயிறு நண்பகல். மதுரையிலிருந்து வந்த சிறு விமானம், பந்தல்குடியை அடுத்த எங்கள் ஊரின் வறண்ட கண்மாயில் இறங்கும்போது கவிழ்ந்தது. ஓட்டி வந்த என் தம்பி இறந்தான். உடனிருந்த நான் பிழைத்தேன்.

முந்திய மாதமும் அவன் அங்கேதான் இறங்கினான். அதன்பின், வயலுக்கு உரமாகப் போட ஊரார் கரம்பை மண் வெட்டியதில் கண்மாயெங்கும் குழிகள். உச்சி வெயிலில் நிழல் விழாததால் மேலிருந்து அவை தெரியவில்லை.

விமானம் தாழ்ந்தபோது கேட்டேன்: “ஏலே, தரையப் பாக்க ஆளு அனுப்புனியா?”

“நம்ம கண்மாய்தானண்ணே, எங்க ஓடிப் போகப்போகுது?” என்று சிரித்தான். சக்கரம் குழியில் இறங்கியது.

நானும் விமானம் ஓட்டுபவன். இறங்கும் நாளன்று காலையில் ஒருவர் நடந்து பார்த்துச் சொல்லாத தரையில் இப்போதெல்லாம் நான் இறங்குவதில்லை.

இன்னும் செய்யாதவை: விமான நிலையத்தில் நிற்கும் அவன் மோட்டார் சைக்கிளை எடுத்து வருவது. “கடைசியா என்ன சொன்னாக?” என்று கேட்ட அவன் மனைவிக்குப் பதில் சொல்வது.