ஒன்பது முடிச்சு

ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருக்கும்போதே இராக்கம்மா திடீரென்று கை தட்டுவாள். மா புகையாய்க் கிளம்பும். புதிதாகப் பார்ப்பவர்கள் பாடப் போகிறாளோ என்று நினைப்பார்கள். பாட்டும் இல்லை, கூத்தும் இல்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே ஓர் அந்துப்பூச்சி நசுங்கியிருக்கும். "செத்தியா!" என்பாள். திரும்பவும் மாவில் கை வைக்கப் போய், நாக்கைக் கடித்துக்கொண்டு, கழுவ எழுந்திருப்பாள்.

தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் இருபத்திரண்டு வருடமாகக் கொழுந்து பறிக்கிற கை அது. பறக்கும் பூச்சியும் அதற்குத் தப்பாது. ஆனால் ஒன்றைப் பிடித்தால் இரண்டு வருகிறது. மாசி மாதம் வாங்கிய குரக்கன் மாவோடுதான் வந்தது என்று கடைக்காரரைத் திட்டித் தீர்த்தாள். பாவம், அவருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. வரும் வியாழக்கிழமை தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுப் புது வீட்டுக்குப் போகிறார்கள். இரண்டு அறை, சமைக்கத் தனிக் குசினி, சொந்தப் பெயரில். சாவிகூடக் கைக்கு வந்து ஆணியில் தொங்குகிறது. ஆனாலும் யாராவது புது வீட்டைப் பற்றிக் கேட்டால் அவள் வாயில் வருவது ஒரே சொல்தான்: "பாப்போம்." இதற்கு முன் இரண்டு தடவை அதிகாரிகள் வந்து அடிக்கல் நட்டதோடு சரி. முதல் கல்லில் இப்போது ஆடுகள் முதுகு சொறிகின்றன. இரண்டு முறை ஏமாந்தவள் மூன்றாம் முறை வாய் திறக்கப் பயப்படுகிறாள். "வீடு வருதோ இல்லியோ, இந்தச் சனியன் மட்டும் நம்ம கூட வரக்கூடாது" என்பதில் மட்டும் உறுதியாக இருந்தாள்.

தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுவதைப் பெரட்டு என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இராக்கம்மா தன் டின்களுக்குப் பெரட்டு வைத்தாள். எல்லாம் வாசலுக்கு வந்தன. அரிசியும் பருப்பும் சாக்கில் காய்ந்தன. நூல்நூலாய்த் திரண்ட மாவைக் கோழிகள் தின்றன. டின்களைக் கொதிநீரில் கழுவி, ஈரமில்லாமல் துடைத்தாள். பலகை இடுக்குகளை ஈர்க்குச்சியால் குடைந்து புழுக்கூடுகளை இழுத்துப் போட்டாள். மிஞ்சியதை இறுக்கி மூடும் போத்தல்களில் அடைத்தாள். அடுத்த வாரமும் பூச்சி பறந்தது.

கண்டுபிடித்தது அவள் புருஷன் நல்லையா. தொழிற்சாலையில் தேயிலை சலிக்கிறவர். தூளுக்குள் ஒரு குச்சி கிடந்தாலும் அவர் கண் விடாது. கடைசி ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணியோடு உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தாபுள்ள, இந்தப் புழு கீழேருந்து மேல ஏறல. மேலேருந்துதான் எறங்கி வருது."

மேலே இருந்தது சாமித் தட்டு. மாரியம்மன் படத்துக்குப் பின்னால் மஞ்சள் துணியில் ஒரு முடிப்பு. முதல் அடிக்கல் நட்ட அன்று ஒரு காசும் ஒரு பிடி அரிசியும் வைத்துக் கட்டியது. சொந்த வீட்டில் பால் பொங்கிய அன்று கோயிலில் அவிழ்ப்பதாக வேண்டுதல். வீடு வரவில்லை. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் இன்னொரு பிடி அரிசி வைத்து, இன்னொரு மஞ்சள் துணியைச் சுற்றி, அவள் மேலும் ஒரு முடிச்சுப் போட்டாள். ஒன்பது முடிச்சில் அது தேங்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டது. குசினி முழுக்கத் துடைத்தவள் அதை மட்டும் தொடவே இல்லை.

"கை வைக்காதீங்க! பால் பொங்காம அவுத்தா இந்த வீடும் போயிரும்."

"அப்ப ஆத்தாவுக்குப் புழுத்த அரிசியவா குடுக்கப் போற?"

இராக்கம்மா முகம் கழுவி, கற்பூரம் காட்டி, முடிப்பை வாசலுக்குக் கொண்டுபோய் அவளே அவிழ்த்தாள். வருடா வருடம் பயந்து பயந்து இறுக்கிய முடிச்சுகள். பல்லால் கடித்த பிறகுதான் சில அவிழ்ந்தன. ஒவ்வொரு துணிக்குள்ளும் நூலும் புழுவும் தவிடும். நடுவில் கறுத்துப்போன காசு. அவளுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

"நம்ம வேண்டுதலத் தின்னுல்ல இதுங்க பெருத்திருக்கு!"

துணிகள் அடுப்புக்குப் போயின. காசைப் புளி போட்டுத் தேய்த்தாள். வெயிலில் காய்ந்த அரிசியில் சுத்தமாய் ஒரு பிடி எடுத்தாள். புதுத் துணியில் இரண்டையும் வைத்து மூன்று நிமிடத்தில் கட்டி முடித்தாள்.

நல்லையா எட்டிப் பார்த்தார். "என்னா புள்ள, ஒத்தச் சுருக்குத்தானா? அவுந்துறாது?"

இராக்கம்மா துணியின் நுனியைப் பிடித்து லேசாக இழுத்தாள். முடிப்பு அப்படியே மலர்ந்து கொடுத்தது. திரும்பவும் அதே சுருக்கைப் போட்டு, ஆணியில் சாவிக்குப் பக்கத்தில் மாட்டினாள்.