மலைப் பக்கத்துப் பாட்டில்

“...அதெல்லாம் சரிம்மா, பாட்டில் மேல ‘மலை’ன்னு எழுதியிருக்கே, மலைக்கும் ஆத்துத் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்?”

கேட்டவர் பேராசிரியர். எங்கள் மாடி அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காலி பாட்டில் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே, அவரிடம் ஆராய்ச்சி செய்கிற கல்லூரி டீச்சர், முகத்தில் ஈயாடாமல். மேசை மேல் டீச்சருடைய ஆராய்ச்சிப் புத்தகம். அதில் ஒரு அத்தியாயத்துக்குக் குறுக்கே சார் அப்போதுதான் பென்சிலால் கோடு போட்டிருந்தார். நான் காபி கொண்டுபோனவள். ஆனால் அந்த ‘மலை’யை எழுதினவளும் நான்தான்.

செங்கம் ரோட்டில் வாடகைக்கு விடுகிற ஆறு அறைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. படிப்பு எட்டாவதோடு சரி. மீதியெல்லாம் வந்து தங்கினவர்கள் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டது. இங்கிலீஷ் அப்படி வந்தது. படகு ஓட்டுவதும் அப்படித்தான். வெளிநாட்டு அம்மா ஒருவர், பையில் மடித்துப் போடுகிற கனோ ஒன்று கொண்டுவந்தார். பம்ப் வைத்துக் காற்றடித்தால் ரெண்டு பேர் ஏறுகிற படகு. மழைக்கு ஏரி நிரம்பின வருஷம் எனக்குத் துடுப்புப் போடச் சொல்லிக்கொடுத்தார். முழங்கால் வலி ஜாஸ்தியாகி ஊருக்குத் திரும்பும்போது, “இது உன்னோடது” என்று விட்டுவிட்டுப் போனார்.

டீச்சர் கடைசி அறையில் குடியிருந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கம், வேர்க்கடலை போடுகிற குடும்பம். பெண்ணையாற்றுத் தண்ணீர் எங்கே நல்லாயிருக்கு, எங்கே கெட்டுப்போகுது என்பதுதான் அவர் ஆராய்ச்சி. பாலத்துக்குப் பாலம் பஸ்ஸில் போய், கயிற்றில் வாளி கட்டி இறக்கித் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவார்.

ஒரு நாள் சொல்லிவிட்டேன். “டீச்சர், பாலத்து மேல நின்னு ஆத்தைப் பார்க்கிறது, கல்யாண வீட்டை வாசல்ல நின்னு பார்க்கிற மாதிரி. உள்ள போய்ப் பந்தியில உக்காந்தாத்தான் சாம்பார்ல உப்பு இருக்கா இல்லையான்னு தெரியும்.”

அவர் சிரிக்கவில்லை. “உங்க படகு ரெண்டு பேரைத் தாங்குமாக்கா?” என்று கேட்டார்.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் அனுமதி வாங்குவதற்குப் போட்ட துடுப்பு, ஆற்றில் போட்டதைவிட ஜாஸ்தி. அணையில் தண்ணீர் விட்ட சமயம் பார்த்து, சாத்தனூருக்குக் கீழே படகை இறக்கினோம். கடலூர் வரைக்கும் பதினோரு நாள்.

முதல் ரெண்டு நாள் மனுஷ வாடையே இல்லை. ரெண்டு பக்கமும் முள்ளுக்காடு, பாறை, நாரை. “முதலை இருக்குமாக்கா?” என்றார் டீச்சர். “இருந்தா அது பக்கத்துலயும் ஒரு பாட்டில் எடுத்துக்கலாம்” என்றேன். சொன்னேனே தவிர, அன்றைக்கு முழுக்க நான் தண்ணீருக்குள் காலைத் தொங்கப்போடவில்லை.

அப்புறம் மணல். தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லாத இடத்தில் படகைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருத்தி, “இன்னாக்கா, ஆத்துல படகு போகும்னு கேட்டிருக்கேன், இங்க படகு உங்க மேல போவுது?” என்றாள். சிரித்த சிரிப்பில் படகைக் கீழே போட்டுவிட்டோம்.

ஒவ்வொரு இடத்திலும் ரெண்டு கரைப் பக்கமும் தண்ணீர் எடுக்கவேண்டும். பாட்டிலை மூன்று தரம் அலம்பி, கவிழ்த்து முக்கி, உள்ளேயே நிமிர்த்தி, மூடி, இடமும் கரையும் எழுதி ஐஸ் பெட்டியில் வைப்பது என் வேலை. மீட்டரில் பார்த்து நோட்டில் எழுதுவது டீச்சர் வேலை.

“இடதுன்னா ‘இ’, வலதுன்னா ‘வ’ன்னு எழுதுங்கக்கா” என்றார். அங்கேதான் எனக்கு இடித்தது. பிறந்ததிலிருந்து எங்கள் ஊர் மலையைச் சுற்றிக் கிரிவலம் போகிறவள் நான். வலதுன்னாலே எனக்கு மலை இருக்கிற பக்கம். படகிலோ மலை இடக்கைப் பக்கம் இருந்தது. குழப்பம் எதற்கு என்று, மலை இருக்கிற பக்கத்துக்கு ‘மலை’, மற்றதுக்கு ‘எதிர்’ என்று எழுதிக்கொண்டே போனேன். டீச்சரிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவார் என்ற பயம்தான், வேறென்ன.

எட்டாம் நாள், ஒரு பெரிய கால்வாய் வந்து ஆற்றில் விழுகிற இடம். நுரை, நாற்றம். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் எங்களைக் கூப்பிட்டாள். “எங்க கிணத்துத் தண்ணியில பருப்பு வேக மாட்டேங்குதும்மா. அடுப்பு எரிஞ்சிக்கினே கிடக்குது. வர்றவங்கல்லாம் பார்த்துட்டுப் போறாங்க. நீங்களாச்சும் எழுதுங்க.”

“எழுதறேன்” என்றார் டீச்சர். சும்மா சொன்ன பேச்சில்லை அது. ஊர் திரும்பி அந்த இடத்தைப் பற்றின அத்தியாயத்தை மூன்று தரம் அடித்து எழுதினார்.

அதன் மேல்தான் சார் கோடு போட்டிருந்தார். அந்த இடத்தில் ஒரு கரைத் தண்ணீர் மட்டும் ரொம்பக் கெட்டிருந்தது. எந்தக் கரை? நோட்டில் வலது என்றிருந்தது. பாட்டிலில் ‘மலை’.

“எங்க தப்புன்னு தெரியும் சார்” என்றார் டீச்சர், குரல் இறங்கி. “இழுப்பு ஜாஸ்தியா இருந்த இடத்துல படகோட மூக்கை எதிர்நீச்சலாத் திருப்பித்தான் நிறுத்தினோம். அப்ப என் வலது கை வேற கரை. சில இடத்துல மாத்தி எழுதினேன், சில இடத்துல மறந்துட்டேன்.”

“அப்போ எது எந்தக் கரைன்னு யாருக்குத் தெரியும்? எனக்கு ஞாபகம் இருக்குன்னு சொன்னா, வெளியூர்லேர்ந்து வர்ற எக்ஸாமினர்கிட்ட அந்தப் பருப்பு வேகாதும்மா. எடுத்துடு இதை.”

பருப்பு என்றதும் எனக்கு அந்தத் துணி துவைத்த பெண் முகம்தான் வந்தது. காபித் தட்டைக் கீழே வைத்தேன்.

“சார், படிக்காதவ பேசறேன்னு நெனைக்காதீங்க. நோட்டு படகோட சேர்ந்து திரும்பிச்சு. மலை திரும்பல. கடல் வரைக்கும் ஆறு மலைக்குத் தெற்கேதான் போவுது. நான் ‘மலை’ன்னு எழுதினா அது வடகரை. ஒரு பாட்டில்லயும் மாத்தல.”

“திருக்கோவிலூர்ல படித்துறைகிட்ட எடுத்தது எது?” என்றார் சார், பட்டென்று.

“ஊர்ப்பக்கம்தானே? ‘எதிர்’னு இருக்கும், பாருங்க.”

காலி பாட்டில்கள் இருந்த பெட்டியில் தேடி எடுத்தார். ‘எதிர்’. நோட்டைப் பார்த்தார். இடது என்றிருந்தது. போனில் மேப்பைப் பெரிதாக்கினார். ஊரும் படித்துறையும் தென்கரையில், ஆற்றுக்கு வலது பக்கம். இன்னொரு பாட்டில் கேட்டார், ஒரு கோயிலடியில் எடுத்தது. அதற்கப்புறம் பாலத்தடியில் எடுத்தவை ரெண்டு. எல்லாம் சரி. டீச்சர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார், எப்போது பிடித்தார் என்று தெரியாது.

“கடலூர்கிட்ட மலை கண்ணுக்கே தெரியாதேம்மா?”

“தெரியாது சார். காலையில சூரியன் மூக்குக்கு நேரா வரும். இடக்கைப் பக்கம் மலை. தாய் வீடு எந்தப் பக்கம்னு பொம்பளைக்குச் சொல்லித் தரணுமா?”

சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றேன். என் வயசில் அப்படி நிமிர்ந்தது அதற்கு முன்னால் ஞாபகமில்லை.

சார் எழுந்தார். அறைக்கு நடுவில் வந்து, கிழக்கே முகம் வைத்து, படகில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி கொஞ்சம் குனிந்து, இடது கையை நீட்டினார். கை ஜன்னலுக்கு நேராகப் போயிற்று. ஜன்னலில் மலை.

“ரப்பர் இருக்காம்மா?” என்றார்.

டீச்சர் எடுத்துக் கொடுத்தார். உட்கார்ந்து, குறுக்கே போட்ட கோட்டை மேலிருந்து கீழ்வரை பொறுமையாக அழித்தார். தூளை ஊதினார். அட்டவணைத் தலைப்பில் இங்கிலீஷில் இருந்த இடது வலதை அடித்துவிட்டு, பக்கத்தில் தமிழிலேயே எழுதினார்: மலைப் பக்கம். எதிர்ப் பக்கம்.