கோழிக்கால் பிழைத்த ரம்பம்

ஜூஜுவாடியில், லாரிகள் ஓயாத சாலையை ஒட்டிய மரப்பெட்டிக் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். கார் உதிரிபாகங்களை ஏற்றி அனுப்பும் பெட்டிகள் செய்வோம். பலகை அறுக்கும் டேபிள் ரம்பத்தில் கெலமங்கலத்துக்காரர் ஒருவர் நின்றார். ஒரு நாள் ஈரப்பலகை ஒன்று உதைத்துத் திரும்பியதில் அவர் கை பிளேடின் மேல் போய் விழுந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

மறுநாள் ஓனர் செய்த முதல் காரியம், ரம்பத்துக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவியது. அடுத்த காரியம், "போன் பேசிக்கினே அறுத்தான்" என்று எல்லோரிடமும் சொன்னது. அவருடைய போன் சாப்பாட்டுப் பையில் கிடந்தது. அதை எடுத்து அவர் மனைவிக்குத் தகவல் சொன்னவனே நான்தான்.

காயம் ஆறி வந்தவரை கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்தார்கள்.

பிறகு பெரிய வாடிக்கையாளர் ஒருவர், பாதுகாப்பான ரம்பம் இருந்தால்தான் ஆர்டர் என்றார். ஒரு விற்பனைக்காரர் புது ரம்பத்தோடு வந்தார். "சதை பட்டா பிளேடு நின்னுடும் சார்" என்று சொல்லி, உரித்த கோழிக்கால் ஒன்றைப் பலகை மேல் வைத்து, ஓடுகிற பிளேடை நோக்கித் தள்ளினார். டப்பென்று ஒரு சத்தம். பிளேடு மேஜைக்குள் இறங்கிவிட்டது. கோழிக்காலில் நகம் பட்டது போல ஒரு கோடு மட்டும்.

எல்லோரும் கைதட்டினார்கள். "மத்தியானத்துக்கு இதையே வறுத்துடலாம்பா" என்று ஓனர் சிரித்தார்.

கேட்டிலிருந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "இந்த மெஷினு முன்னாடியே இருந்துச்சிங்களா?" என்று கேட்டார்.

"வெளிநாட்டுல ரொம்ப வருஷமா இருக்குங்க" என்றார் விற்பனைக்காரர்.

அவர் கேட்டுக்குத் திரும்பி நடந்தார்.

ரம்பத்தை வாங்கினார்கள். எங்களுக்கு வரும் தைலமரமோ ஈரம் சொட்டும். அந்த ஈரத்தைச் சதை என்று நினைத்து மெஷின் ஒரு நாள் நின்றது. பிளேடைக் கடித்து நிறுத்தும் பிரேக் ஒரு முறை பாய்ந்தால் அதையும் பிளேடையும் தூக்கிப் போட வேண்டியதுதான். "பேடா, இந்த வம்பே பேடா" என்று, வேண்டவே வேண்டாம் என ஓனர் கன்னடத்தில் கத்தினார். சதையை உணரும் சென்சாரை அணைத்து, அதன் சாவியைக் கார்ச்சாவியோடு கோர்த்துக்கொண்டார்.

"மரத்தைக் காய வெச்சு அறுத்தா போதும் சார். தார்பாய் போட்டா ஆச்சு" என்றேன்.

"காயற வரைக்கும் ஆர்டர் காத்துனு இருக்குமா? விரல் போனா இன்சூரன்ஸ் இருக்கு. பிளேடு போனா எவன் குடுப்பான்?"

அந்த வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கவே எனக்குக் கூசியது.

இதற்குள் ராயக்கோட்டையிலிருந்து புது ஆபரேட்டர் ஒருவர் சேர்ந்திருந்தார். பலகையைத் தள்ளும் குச்சியை ஓரமாகப் போட்டுவிட்டு, வெறும் கையை பிளேடு வரை கொண்டுபோவார். "இதுதான் வெட்டாதே சார்" என்றார். பழைய ரம்பத்திடம் எல்லோருக்கும் பயமாவது இருந்தது. இதில் அதுவும் போய்விட்டது.

"சென்சார் ஆஃப்ல இருக்குங்க. சாவி ஓனர்கிட்ட இருக்கு" என்றேன்.

அவர் மெஷினை நிறுத்தினார். தன் கையையே பார்த்தார். "சாவி வராம நான் அறுக்கமாட்டேங்க."

சேதி கேட்டுக்குப் போனது. விரல் போனவர் உள்ளே வந்து, மிச்ச விரல்களோடு இருந்த கையை ரம்ப மேஜை மேல் வைத்து நின்றார். ஆணி அடிப்பவர்கள் சுத்தியலைக் கீழே வைத்தார்கள். ஓனர் வந்து கத்தினார், பிறகு கெஞ்சினார். டெலிவரி லாரி வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் சாவி வந்தது. அந்த வாரமே தார்பாயும் வந்தது.

பிறகு வாடிக்கையாளரின் ஆட்கள் ஆய்வுக்கு வந்தார்கள். ஓனர் ரம்பத்தைத் தடவிக்கொண்டே, "எங்க பசங்கன்னா எனக்கு உயிரு சார். செலவைப் பாப்பனா?" என்றார். வந்தவர்கள் தலையாட்டிக் காபி குடித்தார்கள்.

நான் கொல்லைப்பக்கம் போய்க் காறித் துப்பினேன். அப்புறம் தார்பாயை விலக்கி, மறுநாள் அறுக்க வேண்டிய பலகைகள் காய்ந்துவிட்டனவா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன்.