எனக்கு நானே போட்ட பூட்டு

ஞாயிற்றுக்கிழமைகளில் சிவபாலன் அண்ணை எனக்குப் போன் எடுத்துப் பேசுவது வழக்கமில்லை. எடுத்தார் என்றால் விஷயம் பெரிது.

அண்ணை பூம்ப்ளிஸ் என்ற ஊரில் இருக்கிறார். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வீடு வாடகைக்குத் தர எல்லோரும் தயங்கியபோது, எனக்காகப் பொறுப்புக் கையெழுத்து வைத்தவர். அவரிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

"தங்கச்சி, நீர் அந்த மருத்துவக் காப்புறுதிக் கொம்பனியில கொம்பியூட்டர் வேலைதானே?"

"ஓம் அண்ணை."

"எல்லாற்ற நோய் வருத்தமும் அதுக்குள்ள பதிஞ்சிருக்காம்… ஒரு பெயரை அடிச்சுப் பாருமன்."

அண்ணையின் மகள் கௌசல்யாவுக்கு ஷ்லீரன் ஊரில் ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை பெயர் ரமணன். அவரும் எங்கள் கொம்பனியில்தான் காப்புறுதி வைத்திருக்கிறாராம். சாதகப் பொருத்தம் பார்த்தாயிற்று. மிச்சம் இருப்பது சர்வர் பொருத்தம்!

வின்டர்தூர் அலுவலகத்தில் டேட்டாபேஸ் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. யாருக்குக் கணக்குத் திறப்பது, யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம்… நீங்கள் இருக்கும் கட்டிடத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறைச் சாவி இருக்கிறதல்லவா? செவ்வாய் உங்கள் முறை. புதன்கிழமையும் அது உங்கள் கையில் இருந்தால் சாவிக்குப் பொறுப்பான மூன்றாம் மாடி அம்மா சும்மா விடுவாரா? எங்கள் சர்வரில் அந்த மூன்றாம் மாடி அம்மா நான்தான்.

சங்கடம் என்னவென்றால், அந்த அம்மாவிடம் எல்லாச் சாவியும் இருந்தது. ரமணனின் பெயரை அடித்தால் விபரம் வந்து நிற்கும். 'முடியாது' என்றால் பொய். 'மாட்டேன்' என்றால் நன்றி கெட்டவள். "யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" என்று போனை வைத்தேன்.

மறுநாள் ரயிலில் ஒரே யோசனை. பார்த்தால்தான் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? இப்படி மனம் கேட்கத் தொடங்கியதும் எனக்கே பயம் வந்துவிட்டது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? கனத்தை இறக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நேரே மேலதிகாரியிடம் போனேன். "நோய் விபரங்களைப் பார்க்கும் உரிமையை என் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். நானே திருப்பி எடுத்துக்கொள்ள முடியாதபடி எடுங்கள்" என்றேன்.

மனிதர் கோப்பியை மேசையில் வைத்தார். "எல்லோரும் உரிமையைக் கூட்டிக் கேட்டுத்தான் இந்தக் கதவைத் தட்டுவார்கள். குறைக்கச் சொல்லி ஒருவர் வருவது இதுதான் முதல் தடவை" என்றார்.

யோசித்துப் பார்த்தால், என் வேலைக்கு அந்த உரிமை தேவையே இல்லை. ஆரம்பத்திலிருந்து இருந்தது, அப்படியே இருந்துவிட்டது. நம்மில் எத்தனை பேர் இப்படித் தேவையில்லாத சாவிகளைச் சுமந்துகொண்டு திரிகிறோம்!

அன்று பின்னேரம் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, அதைப் பாக்க எனக்கு பெர்மிஷன் இல்லை."

"நேற்று இருந்ததுதானே?"

"இண்டைக்கு எடுத்தாச்சு."

"ஆர் எடுத்தது?"

"நான்தான் எடுக்கச் சொன்னனான்."

அண்ணை அடுத்த கேள்வியைக் கேட்கும் முன்னரே, "நீங்கள் மாப்பிள்ளைப் பெடியனிட்டயே கேளுங்கோவன் அண்ணை" என்றேன்.

"அதைப் போய் வாயால கேக்கிறதோ!" டக்கென்று போன் வைக்கப்பட்டது.

அதன் பிறகு அண்ணையிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கோயிலில் கண்டும் காணாதவர் போல் போனார். எனக்கு அழுகை வந்தது. பொய் இல்லை, செருப்புக் கழற்றும் இடத்தில் நின்று அழுதேன்.

பிறகு ஒருநாள் கௌசல்யா போன் எடுத்தாள். ஒரே உற்சாகம்.

"அக்கா, ரமணன் வீட்டுக்காரர் பொம்பிளை பாக்க வந்தவை. அவர் தட்டில இருந்த வடையைக்கூடத் தொடேல்லை, என்னோட தனியாக் கதைக்கோணும் எண்டார். பல்கனிக்குப் போனம். தனக்குச் சின்ன வயசில இருந்து சீனி வருத்தமாம், ஒவ்வொரு நாளும் ஊசி போடுறவராம். நான் கேக்க முதல் தானாச் சொன்னவர் அக்கா. இப்பிடி ஒருத்தரை எங்க தேடுறது? நான் ஓம் எண்டிட்டன்."

"அப்பா என்ன சொன்னவர்?"

"முகம் கறுத்ததுதான். நான் விடேல்லை. முதலே தெரிஞ்சிருந்தா ஆளை வீட்டுக்கே கூப்பிட்டிருக்க மாட்டார்."

நான் பார்த்துச் சொல்லியிருந்தால் அது ஒரு நோய், அவ்வளவுதான். அவர் வாயால் சொன்னபோது அது ஒரு குணம். எங்கள் சர்வரில் ரமணனின் நோய் மட்டும்தான் பதிவாகியிருக்கும்.

போன ஞாயிறு மோதிரம் மாற்றினார்கள். போயிருந்தேன். அண்ணை தன் கையாலேயே என் இலையில் பாயசம் விட்டார். பிறகு குனிந்து, "நல்லகாலம், நீர் பாக்கேல்லை தங்கச்சி. நான் கேட்டதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்" என்றார்.

பெயர்களை மாற்றிவிட்டேன். ஆனாலும் விபரத்துக்குச் சொந்தக்காரரைக் கேட்காமல் எழுதலாமா? மாப்பிள்ளையிடம் கேட்டேன். "தாராளமா எழுதுங்கோ அக்கா" என்று சிரித்தார்.

அண்ணையிடம்தான் இன்னும் கேட்கவில்லை!